"பிரமாதம்!" என்று சொல்லாத சிநேகிதன்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாட்களோ அத்தனை படிகள். டிசம்பர் 31-ம் தேதி இங்கே படித் திருவிழா நடக்கிறது. அன்று பஜனை கோஷ்டிகள் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே மலை ஏறுகின்றன.

அந்தப் படிகளில் ஒரு மாலை நேரத்தில் ஒரு வாலிபர் உட்கார்ந்திருந்தார். வயது இருபது இருக்கும். காதில் ஹெட்போன். கை தொடையில் தாளம் போடுகிறது. உதடு மட்டும் வேகமாக அசைகிறது. சத்தம் வெளியே வரவில்லை.

"என்ன தம்பி, திருப்புகழா?" என்று கேட்டேன்.

வாலிபர் சிரித்தார். "இல்லை சார். ராப்!" என்றார்.

மலை இறங்குவதற்குள் தம் கதையைச் சொன்னார். அந்தக் கதையில் ஒரு சிநேகம் முறிந்தது. ஒரு தங்கச் சங்கிலி அடகுக் கடை வாசல் வரை போய்த் திரும்பியது. எல்லாம் ஒரு பாட்டினால் வந்த வினை. சரியாகச் சொன்னால், அந்தப் பாட்டைப் பற்றி ஒருவன் உண்மை பேசியதால் வந்த வினை!

ராப் வந்த வழி

"ராப்பா? அது என்ன சங்கீதம்?" என்று கேட்கும் பெரியவர்களுக்காக இரண்டு வார்த்தை.

1973-ம் வருஷம் ஆகஸ்ட் 11-ம் தேதி. நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்ற பகுதி. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று ஒரு பெண் தன் குடியிருப்பில் கட்டணம் வைத்து ஒரு விருந்து நடத்தினாள். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். பாட்டின் நடுவே வெறும் தாளம் மட்டும் வரும் இடத்தை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினார். கூட்டம் ஆடியது. 'ஹிப்-ஹாப்' பிறந்தது அன்றுதான் என்கிறார்கள். அந்தத் தாளத்தின் மேல் ராகம் இழுக்காமல், எதுகை மோனையோடு வேகமாகப் பேசுவதுதான் ராப்.

தமிழுக்கு இது புதிதல்ல. 1994-ல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்தது. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்ரா குழுவினரும் 'வல்லவன்' என்ற ராப் தொகுப்பைக் கொடுத்தார்கள். பிறகு கோயம்புத்தூர் ஆதியும் ஈரோடு ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் கிளம்பினார்கள். 2018-ல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடை ஏறியது.

திருத்தணி வாலிபர்களுக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருக்கமானவர் ஒருவர் இருக்கிறார். அவர் அறிவு. ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் வந்துவிடுகிறதே, அந்த அரக்கோணத்துக்காரர்! 2019-ல் 'தெருக்குறள்' பாடினார். 2021 மார்ச்சில் தீயுடன் சேர்ந்து அவர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' கடல் கடந்து போயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் பெயரும் கூடவே போயிற்று.

அரக்கோணத்தால் முடிந்தது திருத்தணியால் முடியாதா? நமது வாலிபர் இப்படித்தான் ஆரம்பித்தார்.

மின்சாரம் போனால்தான் பாட்டு

அவர் வீடு திருத்தணியிலிருந்து உள்ளே தள்ளி, பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு நெசவு ஊர். வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறி. காலை முதல் இரவு வரை 'தடக் தடக்' என்று ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பாட்டு எப்படிப் பதிவு செய்வது?

"கரண்டு போனால்தான் சார் எங்க வீட்டிலே ரெக்கார்டிங்! தறி நிக்கும். நைனா டீ குடிக்கப் போவார். நான் செல்போனை எடுத்துக்கிட்டு உள்ளே ஓடுவேன்" என்றார் வாலிபர்.

எதிரொலி வராமலிருக்க நான்கு பக்கமும் போர்வை. அதற்குள் வேர்க்க விறுவிறுக்க நின்று பாடுவார். இப்படி ஒரு மாதம் பாடுபட்டு முதல் பாட்டை முடித்தார். செல்போன் வழியாக நாற்பது பேருக்கு அனுப்பினார்.

முப்பத்தெட்டுப் பேர் உடனே பதில் போட்டார்கள். "செம!" "தெறி!" "வேற லெவல்!" ஒருவர் பதிலே போடவில்லை.

நாற்பதாவது ஆள் பள்ளிக்கூடத்து சிநேகிதன். அரக்கோணத்தில் ஒரு கடையில் வேலை. அவன் எழுதவில்லை, நேரே கூப்பிட்டான்.

"டேய், தப்பா நினைக்காதே. முப்பத்தஞ்சாவது செகண்டுக்கு மேலே நீ என்ன சொல்றேன்னே புரியலைடா. பீட்டு முன்னாடி ஓடுது, நீ பின்னாடி ஓடறே. மூச்சு வாங்கறது மட்டும்தான் நல்லா கேக்குது!"

வாலிபருக்குச் சுருக்கென்றது. "முப்பத்தெட்டுப் பேருக்குப் புரிஞ்சது உனக்கு மட்டும் புரியலையா? பொறாமை!" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். மூன்று மாதம் பேச்சில்லை.

சங்கிலி கிளம்பியது

இதற்குள் விஷயம் வளர்ந்தது. "இவ்வளவு நல்ல பாட்டைச் செல்போனிலே பாடி வீணாக்கலாமா? மெட்ராஸ் ஸ்டுடியோவிலே பாடு, வீடியோ எடு" என்று முப்பத்தெட்டுப் பேரும் ஏற்றிவிட்டார்கள். விசாரித்தார். முப்பதாயிரம் ரூபாய் வேண்டுமாம்.

அம்மா கழுத்தைப் பார்த்தார். பிள்ளை முகத்தை அம்மா பார்த்தாள். தாய் மனசு! சங்கிலி கழுத்திலிருந்து இறங்கிக் கைக்குட்டைக்குள் போயிற்று.

அடகு வைக்கப் புறப்பட்ட அன்று காலையில் ஒரு சின்னச் சம்பவம். நைனா திடீரென்று தறியை நிறுத்தினார். குனிந்து துணியைத் தடவிப் பார்த்தார். ஒரு சாண் நீளத்துக்கு நெசவு சரியில்லை. ஊடை நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். அரை மணி நேர வேலை வீண்.

"இத்தனூண்டு குறை யாருக்குத் தெரியும் நைனா? விடேன்" என்றார் மகன்.

நைனா தலை நிமிரவில்லை. "கடைக்காரன் கண்டுபிடிச்சான்னா கூலியிலே புடிப்பான்டா. நான் கண்டுபிடிச்சா தறியிலேயே சரி பண்ணிடலாம்" என்றார்.

அவ்வளவுதான். அந்த மனிதர் சங்கீதத்தைப் பற்றிப் பேசவில்லை. துணியைப் பற்றித்தான் பேசினார். ஆனால் மகனுக்கு முப்பத்தஞ்சாவது விநாடி ஞாபகம் வந்துவிட்டது!

பாட்டை மறுபடி போட்டுக் கேட்டார். மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு கேட்கும் காது வேறு காது. சிநேகிதன் சொன்ன இடத்தில், சொன்னபடியே, மூச்சு இரைத்தது. சங்கிலி அம்மாவிடம் திரும்பியது. வாலிபர் அரக்கோணம் ரயிலைப் பிடித்தார்.

முருகன் பாட்டுக்கே ஆட்சேபம்

நெய்தவனே குறையைக் கண்டால் நூலோடு போயிற்று. சந்தை கண்டால் கூலி போயிற்று. கலைக்கும் இதே கணக்குத்தான். நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் 'அரங்கேற்றம்' என்று ஒன்றை வைத்தார்கள். அரங்கேற்றம் என்றால் மாலை போட்டுப் பாராட்டுவது மட்டுமல்ல. படித்தவர்கள் கூடிய சபையில் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்வது.

பக்கத்துக் காஞ்சிபுரத்துக் கதையைக் கேளுங்கள். குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்த புராணத்தை அரங்கேற்றினார். முதல் அடியை முருகனே எடுத்துக் கொடுத்தான் என்பது ஐதீகம். அந்த முதல் அடியிலேயே, "சொற்கள் சேர்ந்த விதத்துக்கு இலக்கணம் எங்கே?" என்று சபையில் ஒருவர் எழுந்துவிட்டார். அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் 'வீரசோழியம்' என்ற இலக்கண நூலோடு வந்து விதியைக் காட்டிய பிறகுதான் சபை சமாதானம் அடைந்ததாம்.

முருகன் கொடுத்த அடிக்கே ஆட்சேபம் உண்டு என்றால், செல்போனில் பாடிய பாட்டுக்கு இருக்கக் கூடாதா?

இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், கெடுப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் தானே கெட்டுப்போவான் என்றார் வள்ளுவர். அரசனுக்குச் சொன்னது கலைஞனுக்கும் பொருந்தும். கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கச்சேரி விமர்சனம் எழுதினார். பின்னால் வந்த சுப்புடுவின் பேனாவுக்குப் பெரிய வித்வான்களே பயந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க் அப்பல்லோ தியேட்டரில் 1934 முதல் 'புதுமுகங்கள் இரவு' நடக்கிறது. கூட்டத்துக்குப் பாட்டுப் பிடிக்காவிட்டால் கூச்சல் போடும். ஒருவர் துடைப்பத்தோடு ஆடிக்கொண்டே வந்து பாடகரை மேடையிலிருந்து கூட்டித் தள்ளுவார்! அந்த மேடையில் 13 வயதில் பாடிய லாரின் ஹில் என்ற சிறுமிக்கும் கூச்சல் கிடைத்தது. அவள் பாட்டை நிறுத்தவில்லை. 1999-ல் அதே லாரின் ஹில் ஒரே இரவில் ஐந்து கிராமி பரிசுகளை வாங்கினார்.

ஆனால் துடைப்பம் எல்லோருக்கும் ஒத்துவராது. ஒரு லாரின் ஹில் தப்பினார். வீட்டுக்குப் போய்ப் பாட்டையே மறந்தவர்கள் எத்தனை பேரோ! அரக்கோணத்துச் சிநேகிதன் துடைப்பம் எடுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, எந்த விநாடி என்று சொன்னான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நான்கு குற்றங்கள்

நக்கீரர் கதை தெரியாத தமிழர் இல்லை. 1965-ல் 'திருவிளையாடல்' படம் வந்த பிறகு குழந்தைகளுக்கும் தெரியும். பாட்டில் இருப்பது சொற்குற்றமா, பொருட்குற்றமா என்பதுதான் அங்கே கேள்வி. ராப் பாட்டுக்கு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்: தாளக் குற்றம், ஒலிக் குற்றம்.

முதலில் தாளம். நிமிஷத்துக்கு 90 தட்டு வேகம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு 'பார்'. பதினாறு பார் சேர்ந்தால் ஒரு சரணம் மாதிரி. மொத்தம் 64 தட்டு. சுமார் 43 விநாடி. இந்த 43 விநாடிக்குள் எங்கே மூச்சு வாங்குவது என்பதை எழுதும்போதே தீர்மானிக்க வேண்டும். நமது வாலிபர் தீர்மானிக்கவில்லை. முப்பத்தைந்தாவது விநாடியில் மூச்சு தீர்ந்தது. சிநேகிதன் சொன்ன வைத்தியம் எளியது: "வரிக்கு ரெண்டு வார்த்தையை வெட்டுடா!"

இரண்டாவது சொல். ஆங்கிலப் பாட்டில் வரியின் கடைசி ஓசை ஒத்துப்போனால் போதும். தமிழுக்கு எதுகை, மோனை என்று வரியின் தொடக்கத்திலேயே சொத்து இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆங்கிலப் பாடகர் போல நாக்கைச் சுழற்றினால் சொல்லும் புரியாது, சுகமும் இராது.

மூன்றாவது ஒலி. மைக்கை வாய்க்கு நேரே பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் 'புஸ்' என்று காற்று அடிக்கும். சற்று ஓரமாகப் பிடித்தால் தீரும். சத்தம் அளவு மீறிப் பதிவாகிக் கரகரத்தால் பிறகு ஒட்டுப் போட முடியாது; மறுபடி பாட வேண்டியதுதான். பின்னணித் தாளம் குரலை விழுங்குகிறதா என்பதை ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. செல்போனை மேஜையில் வைத்தும் கேட்க வேண்டும். ஊரார் அப்படித்தானே கேட்பார்கள்?

நான்காவதும் முக்கியமானதும் பொருள். 'ஹிப்ஹாப் தமிழா'வைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனது 2011-ல் பரவிய 'கிளப்புல மப்புல'. குடிக்கும் பெண்களையும் அவர்கள் உடையையும் அது பழிக்கிறது என்று கண்டனமும் அதே வேகத்தில் எழுந்தது. தாளம் சரி, எதுகை சரி, ஒலி சரி. ஆனாலும் கேள்வி கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். "நன்றாகப் பாடினாய். ஆனால் நீ சொன்னது நியாயமா?" என்று கேட்பவன்தான் பாடகனைப் பெரிய மனுஷனாக மதிக்கிறான்.

எல்லைத் தமிழ் குற்றமா?

வாலிபர் இன்னொரு சங்கதியும் சொன்னார். சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

"முகம் தெரியாத ஒருத்தர் பாட்டைக் கேட்டுட்டு, 'உன் தமிழிலே தெலுங்கு வாடை அடிக்குது, முதல்லே தமிழ் கத்துக்கிட்டு வா'ன்னு எழுதினார் சார். அது மட்டும் ரொம்ப நாள் வலிச்சது."

திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க ம.பொ.சிவஞானம் போன்றோர் போராடினார்கள். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி இந்த ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கோடு மாறியது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. சந்தையில் தமிழ், தறி மேட்டில் தெலுங்கு, கோயிலில் இரண்டும். 'நைனா' என்று கூப்பிடும் பிள்ளை அதே வாயால்தான் தமிழில் ராப் பாடுகிறான்.

சிநேகிதனிடம் இதைக் காட்டியபோது அவன் சொன்னானாம்: "மூச்சு உன் தப்பு. அதைத் திருத்து. பேச்சு உன் ஊரு. அதுலே கை வைக்காதே!"

இதைவிட நல்ல விமர்சன இலக்கணம் கல்லூரியில் எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. திருத்தக் கூடியதைச் சொல்வது விமர்சனம். ஊரையும் சாதியையும் முகத்தையும் சொல்வது வசை. 'மனசில் பட்டதை ஒளிக்காமல் சொன்னேன்' என்று சொல்லிக்கொண்டால் வசை விமர்சனம் ஆகிவிடாது.

சொல்பவரும் கேட்பவரும்

வீட்டில் பிள்ளையோ பெண்ணோ பாட்டுப் பாடி, "எப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன செய்வது?

ஒரு தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு தடவையாவது கேளுங்கள். "என்ன சொல்ல நினைத்தாய்?" என்று முதலில் விசாரியுங்கள். நிஜமாகவே பிடித்த இடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லாததைப் புனைய வேண்டாம். குறையைப் பொதுவாகச் சொல்லாமல் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "நல்லா இல்லை" என்பது யாருக்கும் பயன்படாது. "முப்பத்தைந்தாவது விநாடி" என்பது மருந்து. நாலு பேர் நடுவில் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள். ஒரே நாளில் பத்துக் குறை வேண்டாம்; பெரியதாக ஒன்றிரண்டு போதும்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. பதிலுக்குப் பதில் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி போகட்டும். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே பழுது இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அவர்கள் சொல்லும் வைத்தியம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழுதை அவர்கள் காட்டட்டும். மருந்தை நீங்கள் தேடுங்கள். வசையைக் குப்பையில் போடுங்கள். புகழ்ந்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். குறை சொன்னவரை டீ குடிக்கக் கூப்பிடுங்கள்.

முப்பத்தெட்டுப் பேரும் கெட்டவர்களா? இல்லை. பாவம், சிநேகிதன் மனம் நோகக் கூடாதென்று நினைத்தார்கள். ஆனால் அவர்களுடைய நல்ல மனசுக்கு முப்பதாயிரம் ரூபாய் விலை ஆகியிருக்கும்!

கற்கண்டும் கசப்பும்

இந்த மலைக்கு ஒரு சங்கீதக் கதை உண்டு. 1775-ல் திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர் இங்கே வந்தபோது, முருகன் முதியவர் உருவில் வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டானாம். உடனே முதல் கிருதி பிறந்ததாம். முதல் பாட்டுக்குக் கற்கண்டு வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டாவது பாட்டுக்குக் கொஞ்சம் வேப்பங்கொழுந்தும் வேண்டும்.

வாலிபரின் இரண்டாவது பாட்டை மலையடிவாரத்தில் கேட்டேன். அதுவும் கரண்டு இல்லாத நேரத்தில் செல்போனில் பதிவு செய்ததுதான். உலகப் புகழ் பெறவில்லை. சில நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மூச்சு நின்ற இடம் தாளத்தோடு நின்றது. பாட்டின் பின்னணியில் தறியின் 'தடக் தடக்' சத்தத்தையே தாளமாக வைத்திருந்தார். அது யார் யோசனை என்று கேட்டேன்.

"சிநேகிதன்தான் சார்" என்றார்.

"உங்களுக்கு என் அபிப்பிராயம் வேண்டுமா?" என்றேன்.

பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "குறை மட்டும் சொல்லுங்க சார். எத்தனாவது செகண்டுன்னு சொல்லுங்க!"

சொன்னேன். கடைசியில் பின்னணித் தாளம் குரலை அமுக்குகிறது என்றேன். முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு குனிந்து எழுதிக்கொண்டார்.

சூரனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து நின்ற இடம் இந்த மலை என்பார்கள். அதனால்தான் 'தணிகை' என்று பெயர். பெயரின் முன்பாதியில் 'திருத்து' என்ற ஓசையும் கேட்கிறது. இலக்கணப் புலவர்கள் ஒப்புக்கொள்வார்களோ, மாட்டார்களோ! ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுதட்டும். குறித்துக்கொள்கிறேன்.